இரும்புக்குள் இருந்த உடல்

முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஊர்த் திரைப்படக் கழகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் படத்தைத் திரையிட்டார்கள். லாரன்ஸ் ஒலிவியே இயக்கி நடித்த 'ஐந்தாம் ஹென்றி'. 1944இல் வந்த படம். அஜின்கோர்ட் போர் தொடங்குவதற்கு முன் ஒரு காட்சி. தலைமுதல் கால்வரை இரும்பு பூண்ட பிரெஞ்சுப் பிரபு ஒருவரைக் கப்பியும் கயிறும் கொண்டு தூக்கி, மூட்டையை இறக்குவதுபோலக் குதிரையின் முதுகில் இறக்குகிறார்கள். அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பின்னாளில் ஆசிரியனான பிறகு, புறத்திணை நடத்தும்போதெல்லாம் அந்தக் காட்சி எனக்குக் கைகொடுத்தது. பதிற்றுப்பத்தில் 'மெய்ம்மறை' என்றொரு சொல் வருகிறது. மெய்யை மறைப்பது, அதாவது கவசம். சேர அரசனைத் தன் வீரர்க்குக் கவசம் போன்றவன் என்று விளிக்கும் இடங்களில் அது பயில்கிறது. அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லிவிட்டு, "நம்மவர்க்கு அரசனே கவசம், ஐரோப்பாவில் நைட் என்று சொல்லப்பட்ட குதிரைவீரனையோ கப்பி போட்டுத்தான் தூக்க வேண்டும். கீழே விழுந்தால் கவிழ்ந்த ஆமைதான்" என்பேன். வகுப்பு கலகலக்கும். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இனப்பெருமிதமும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இளங்கலையில் என்னிடம் படித்தவர், பின்னர் வேறு துறைக்கு மாறி ஸ்வீடனில் வேலை பார்க்கிறார். இரும்புத் தகடுகள் பதித்த தோல் அங்கியும் தலைக்கவசமும் அணிந்து அவர் நிற்கும் புகைப்படம் ஒன்றை இணைத்திருந்தார். கீழே ஒரே ஒரு வரி: "ஐயா, நீங்கள் சொன்னது பொய். நான் ஓடினேன், குனிந்தேன், விழுந்து எழுந்தேன்."

அந்த ஒரு வரி என்னைப் படிக்க வைத்தது. படித்ததன் சாரமே இந்தக் கட்டுரை.

*

முதலில் எடை. பதினைந்தாம் நூற்றாண்டில் போருக்கென்று செய்யப்பட்ட முழுத் தகட்டுக் கவசம் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ வரை இருந்தது. இன்றைய காலாட்படை வீரர் முதுகில் சுமப்பது பல வேளைகளில் இதைவிட அதிகம். அதுவும் அந்த இருபத்தைந்து கிலோ ஓரிடத்தில் தொங்குவதில்லை. தலை, தோள், மார்பு, இடுப்பு, தொடை, கணுக்கால் என்று உடலெங்கும் பகிர்ந்து கட்டப்பட்டிருக்கிறது. விளையாட்டுக்காக ஈட்டியேந்தி மோதுவதற்கென்றே செய்த கவசங்கள் வேறு வகை. அவை நாற்பது கிலோவையும் தாண்டும். அணிந்தவன் நடக்க வேண்டிய தேவையில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதில் பிறந்ததுதான் கப்பிக் கதை.

பூசிக்கோ என்று அறியப்பட்ட ழான் லெ மேங்க்ர் (1366–1421) பிரெஞ்சுப் படையின் மார்ஷல். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1409 வாக்கில், அவரது வரலாறு எழுதப்பட்டுவிட்டது. இளமையில் அவர் மேற்கொண்ட பயிற்சிகளை அந்த நூல் பட்டியலிடுகிறது. கவசத்துடன் குட்டிக்கரணம் போடுவார். அங்கவடியில் கால் வைக்காமல் குதிரைமீது தாவுவார். சாய்த்து வைத்த ஏணியின் அடிப்புறமாகக் கைகளால் மட்டும் பற்றி மேலேறுவார். புகழ்ச்சிக்காக எழுதப்பட்ட நூல்தானே என்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் டேனியல் ஜாக்கே என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் அப்படி ஒதுக்கவில்லை. தன் உடல் அளவுக்குப் பொருந்த, அக்காலத்து முறையில் ஒரு கவசம் செய்வித்து அணிந்துகொண்டு, அந்தப் பயிற்சிகளை ஒவ்வொன்றாகத் தானே செய்து பார்த்தார். இரும்பணிந்த மனிதர் ஒருவர் ஏணியின் கீழ்ப்புறம் தொங்கியபடி ஏறுவதைப் படச்சுருளில் பார்த்தபோது, பதினைந்து ஆண்டுகள் நான் வகுப்பில் அடித்த நகைச்சுவை நினைவுக்கு வந்து கூசியது.

அதே பூசிக்கோ 1415இல் அஜின்கோர்ட்டில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, இங்கிலாந்திலேயே இறந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கவசத்தோடு குட்டிக்கரணம் போடத் தெரிந்தவரையும் அன்றைய சேறு காப்பாற்றவில்லை.

*

பழைய கவசத்தை மீண்டும் அணிந்து பார்க்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. 1839 ஆகஸ்டு இறுதியில் ஸ்காட்லாந்தில் எக்ளிண்டன் பிரபு தன் மாளிகை நிலத்தில் ஓர் இடைக்கால வீரவிளையாட்டு விழா நடத்தினார். வால்டர் ஸ்காட்டின் நாவல்களில் மூழ்கித் திளைத்த தலைமுறை அது. சாமுவேல் பிராட் என்ற லண்டன் பழம்பொருள் வணிகர் கவசங்களைத் திரட்டிக் கொடுத்தார். ஒரு லட்சம் பேர் திரண்டதாகச் சொல்வார்கள். ஊர்வலம் புறப்படும் வேளையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. களம் சேறாயிற்று. விழாவின் 'அரசராக' வீற்றிருந்த பிரபு குடையை விரித்துவிட்டார். பத்திரிகைகள் நெடுநாள் எள்ளி நகையாடின.

அந்த விழாவில் மழையைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. அங்கே கூடியவர்கள் இடைக்காலத்தை அறிய விரும்பியவர்கள் அல்லர். இடைக்காலமாகத் தோன்ற விரும்பியவர்கள். கவசம் அவர்களுக்கு உடுப்பு மட்டுமே. அதை யார் செய்தார், எப்படிச் செய்தார், எந்த ஆண்டுக்குரிய கையுறை எந்த ஆண்டுக்குரிய தலைக்கவசத்தோடு சேரும் என்ற கேள்விகள் அவர்களுக்கு எழவில்லை. வணிகருக்கும் எழவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விற்பனைக்காக ஒட்டுப்போட்டுச் சேர்க்கப்பட்ட கவசங்களையும், அப்பட்டமான போலிகளையும் பிரித்தறிய அருங்காட்சியகங்கள் இன்றுவரை போராடிக்கொண்டிருக்கின்றன.

1966 மே முதல் நாள் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் சில இளைஞர்கள் கூடி, இடைக்கால உடையணிந்து, மரவாள் வீசி ஒரு விருந்து நடத்தினார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்' என்ற அமைப்பு. பிரம்பு வாள்களால் மோதும் அதன் விளையாட்டில் வரலாற்று நுணுக்கத்தைவிடக் களிப்பே முன்னின்றது. ஆனால் அந்தக் களிப்பினூடாக வந்தவர்களில் ஒரு பகுதியினரை வேறொரு அரிப்பு பிடித்துக்கொண்டது. "இது சரியா?" என்ற அரிப்பு. போலந்தில் 1410ஆம் ஆண்டின் குருன்வால்டு போரை 1998 முதல் அதே வெளியில் மீள்நிகழ்த்துகிறார்கள். ஸ்வீடனின் விஸ்பி நகரில் 1984 முதல் இடைக்கால வாரம் கொண்டாடுகிறார்கள். இத்தகைய கூட்டங்களில் இன்று ஒருவர் தவறான நூற்றாண்டின் கொக்கியை அணிந்து வந்தால், நம் கவியரங்கில் தளை தட்டியவன் படும் பாட்டைப் படுவார்.

*

சரியாகச் செய்வது என்றால் என்ன? பதினான்காம் நூற்றாண்டின் கவசத்தை ஒருவர் மீட்டெடுக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முழுமையாக எஞ்சியவை மிகச் சில. ஆகவே அவர் கல்லறைகளுக்குச் செல்கிறார். தேவாலயத் தரைகளில் பதித்த பித்தளைத் தகடுகளிலும், கல்லறைமேல் படுத்திருக்கும் கற்சிலைகளிலும் வார்கள், கொக்கிகள், கீல்கள்வரை செதுக்கப்பட்டிருக்கின்றன. கான்டர்பரி பேராலயத்தில் 1376இல் இறந்த கறுப்பு இளவரசர் எட்வர்டின் உலோகச் சிலை அத்தகையது. அவருடைய தலைக்கவசம், கையுறை, கேடயம், பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி ஆகியவையும் அங்கேயே எஞ்சியுள்ளன. கல்லறையின் மேலே இன்று தொங்குபவை 1954இல் செய்த மறுபடிவங்கள். அந்த மறுபடிவங்களுக்கும் இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது.

சிலை புறத்தை மட்டுமே காட்டும். கவசத்தின் உயிரோ உள்ளே இருக்கிறது. நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் உள்ள பதினைந்தாம் நூற்றாண்டு ஆங்கிலச் சுவடி ஒன்று, தரையில் நின்று போரிடப்போகிறவனுக்கு எப்படிக் கவசம் பூட்டுவது என்று படிப்படியாகச் சொல்கிறது. உள்ளே சட்டை அணியக் கூடாது. முரட்டுத் துணியில் தைத்து உட்புறம் பட்டு வைத்த ஓர் உள்ளங்கி வேண்டும். அதில் துளைகள் இட்டு, மெழுகு தேய்த்த கயிறுகளைக் கோக்க வேண்டும். கக்கத்திலும் முழங்கை மடிப்பிலும் வளையப் பின்னல் துண்டுகள். முழங்காலைச் சுற்றிக் கம்பளித் துண்டு. பிறகு பாதத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் பூட்ட வேண்டும். ஒரு தாய் குழந்தைக்குச் சொல்வது போன்ற பரிவு அந்தக் குறிப்பில் இருக்கிறது. முழங்காலில் இரும்பு உரசிப் புண்ணான யாரோ ஒருவன்தான் அந்தக் கம்பளித் துண்டைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் முதலில் கற்கும் பாடமும் இதுதான் என்கிறார் என் மாணவர். கவசம் தோளில் தொங்குவதில்லை. சரியாகத் தைத்த உள்ளங்கியில் தொங்குகிறது. தையல் பிசகினால் இருபது கிலோ இரும்பு நாற்பதாகக் கனக்கும். தையல் அமைந்தால் அணிந்தவனுக்கு அது உடம்பின் இன்னொரு தோல். நாம் கொல்லரின் புகழ் பாடுகிறோம். பாதிப் புகழ் தையற்காரருக்குச் சேர வேண்டியது.

வளையக் கவசத்தை ஆங்கிலத்தில் 'மெயில்' என்கிறார்கள். இலத்தீனில் 'மாக்குலா' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அந்தச் சொல்லுக்குப் புள்ளி என்றும் பொருள், வலையின் கண் என்றும் பொருள். நாமும் வலைக்கண் என்றுதானே சொல்கிறோம்! பிற்காலத்தார் அதன் முன் 'செயின்' சேர்த்து 'செயின் மெயில்' ஆக்கினார்கள். நம் பேச்சில் 'நடுசென்டர்' என்பதுபோல அது ஒரு கூறியது கூறல்.

இரும்புக் கம்பியை ஒரு தண்டில் சுற்றி, வெட்டி, வளையங்களாக்கி, நுனிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தட்டையாக அடித்து, அதில் நுண்ணிய துளையிட்டு, நான்கு பக்கத்து வளையங்களைக் கோத்தபின் சிறு ரிவிட் அடித்து மூட வேண்டும். ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களைப் பற்றி நிற்கும். முட்டிவரை தொங்கும் அங்கி ஒன்றுக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் வளையங்கள் ஆகும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ரிவிட் அடிக்காமல், நுனிகளைக் குறட்டால் நெருக்கி விட்டுவிடுவார்கள். பார்வைக்கு அதுவும் கவசம்தான். ஓர் ஈட்டிமுனை அழுத்தினால் வளையம் வாய் பிளந்துவிடும். அப்படி நெருக்கி மட்டும் விட்டவை ஐரோப்பியப் போர்க்களத்தில் பயன்படவில்லை.

தகட்டிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. இன்று ஆலையில் உருட்டிய தகடு எங்கும் ஒரே தடிப்பு. இடைக்காலக் கொல்லர் அடித்த தகடு அப்படியல்ல. மார்பின் நடுவே இரண்டு மில்லிமீட்டர் அளவு, ஓரங்களில் அதனினும் மெல்லியது, கையைக் காக்கும் தகட்டில் ஒரு மில்லிமீட்டரே. அடி எங்கே விழும் என்பதைக் கொல்லரின் சுத்தியல் அறிந்திருந்தது. ஆலன் வில்லியம்ஸ் என்ற உலோகவியல் வரலாற்றாளர் நூற்றுக்கணக்கான கவசங்களின் நுண்ணமைப்பை ஆராய்ந்து 2003இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். மிலான் நகரத்துப் பட்டறைகளின் எஃகும் ஆக்ஸ்பர்க் பட்டறைகளின் எஃகும் எங்ஙனம் வேறுபட்டன, எதைச் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கினார்கள், எதைச் செய்யவில்லை என்றெல்லாம் அதில் அறியலாம். பழைய இரும்பில் கசடு இழையோடும். இன்றைய இரும்பில் இல்லை. ஆகவே எவ்வளவு முயன்றாலும் இன்றைய மறுபடிவம் பழையதைவிடச் சற்றுத் தூய்மையானதாகவே அமைந்துவிடுகிறது. கடந்த காலத்தை நாம் எழுதும்போதும் இதேதான் நேர்கிறது என்று தோன்றுகிறது.

*

இவ்வளவு பாடுபட்டுச் செய்வதால் வரலாற்றுக்கு என்ன கிடைக்கிறது? கிடைத்த இரண்டைச் சொல்கிறேன்.

2011இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஆஸ்க்யூவும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கவசம் அணிந்து பழகிய செயல்விளக்கக் கலைஞர்கள் சிலரை, மறுபடிவக் கவசத்துடன் ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் வைத்து, அவர்கள் மூச்சிலிருந்து உடல் செலவிடும் ஆற்றலை அளந்தார்கள். கவசமின்றி நடப்பதைவிட ஏறத்தாழ இருமடங்குக்கும் சற்று மேலான ஆற்றல் தேவைப்பட்டது. அதே எடையை முதுகில் மூட்டையாகச் சுமந்தாலும் இவ்வளவு ஆகாது. காரணம் கால்களில் கட்டிய இரும்பு. ஒவ்வோர் அடியிலும் அதைத் தூக்கி வீச வேண்டியிருக்கிறது. மார்பை இறுக்கிய தகட்டினால் மூச்சு ஆழமாக இழுபடாமல் மேலோட்டமாக, விரைவாக ஓடியது. 1415 அக்டோபர் 25 அன்று அஜின்கோர்ட்டில் உழுத வயலின் சேற்றில் நடந்துவந்த பிரெஞ்சு வீரர்கள், எதிரியை எட்டும் முன்பே ஏன் தளர்ந்துவிட்டார்கள் என்பதற்கு இப்படி ஒரு விளக்கம் கிடைத்தது. கவசம் அணிந்தவனால் குட்டிக்கரணம் போட முடியும், நெடுநேரம் முடியாது. பூசிக்கோவின் வரலாற்றை எழுதியவர் சொன்னதும் உண்மை, அஜின்கோர்ட்டும் உண்மை.

இரண்டாவது, மூன்றாம் ரிச்சர்டு. 1485இல் பாஸ்வொர்த் களத்தில் வீழ்ந்த இந்த இங்கிலாந்து மன்னனின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. முதுகுத்தண்டு பக்கவாட்டில் கடுமையாக வளைந்திருந்தது. இப்படிப்பட்ட உடலோடு ஒருவன் கவசம் பூண்டு குதிரைமேல் பாய்ந்து போரிட்டிருக்க முடியுமா? ஏறத்தாழ அதே வளைவு கொண்ட ஓர் இளைஞர் முன்வந்தார். அவர் உடல் அளவுக்கென்றே கவசம் செய்து, அக்காலத்துச் சேணத்தில் ஏற்றினார்கள். 2014இல் ஒளிபரப்பான அந்த முயற்சியில் அவர் குதிரையேறிப் போரிடக் கற்றுக்கொண்டார். முன்னும் பின்னும் உயர்ந்த அந்தச் சேணம் அவர் முதுகைத் தாங்கியது. தரையில் இறங்கியபோதுதான் மூச்சு வாங்கியது. நாடகங்களிலும் ஓவியங்களிலும் கூனனாக, கொடியவனாக நிலைத்துவிட்ட ஒரு மனிதனின் உடலை நோக்கிப் பரிவோடு ஒரு கேள்வி எழுப்ப, ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு கவசம் செய்ய வேண்டியிருந்தது.

*

இனி என் மாணவர் அணிந்திருந்த கவசத்துக்கு வருகிறேன். அது பிரபுவின் பளபளக்கும் தகட்டுக் கவசமன்று. தோல் அங்கியின் உட்புறம் இரும்புத் தகடுகளை வரிசையாக வைத்து, வெளியிலிருந்து ரிவிட் அடித்தது. வெளியே தெரிவது ரிவிட்களின் தலைகள் மட்டுமே. உலகெங்கும் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் நடுவே 'விஸ்பி கவசம்' என்று பெயர் பெற்ற ஒன்று. வளைக்க எளிய சிறு தகடுகள். பட்டறை இல்லாதவனும் சுத்தியலும் கட்டையும் கொண்டு செய்துவிடலாம். அதனால் கற்றுக்குட்டிகளின் முதல் கவசம் பெரும்பாலும் இதுதான். இதன் துல்லியத்தைப் பற்றி ஐயமே இல்லை. ஏனெனில் மூலம் அப்படியே கிடைத்திருக்கிறது. கிடைத்த விதம்தான் நெஞ்சைப் பிசைகிறது.

1361 ஜூலை இறுதியில் டென்மார்க் மன்னன் நான்காம் வால்டிமார் பால்டிக் கடலின் காட்லாந்து தீவில் படையோடு இறங்கினான். விஸ்பி அங்கே செல்வம் கொழித்த வணிக நகரம். சுற்றிலும் உயர்ந்த மதில். மதிலுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் உழவர்கள். ஜூலை 27 அன்று மதிலின் வாயிலருகே அந்த உழவர்கள் டேனியப் படையை எதிர்த்து நின்றார்கள். எதிரே இருந்தவர்கள் போரையே தொழிலாகக் கொண்டவர்கள். நகரத்தார் வாயிலைத் திறக்கவில்லை. வெளியே வெட்டுப்பட்டு வீழ்ந்தவர்களை மதிலுக்குள் இருந்தபடி அறிந்துகொண்டு, பிறகு மன்னனுக்குப் பணிந்து நகரைக் காத்துக்கொண்டார்கள்.

கோடைக்காலம். பிணங்கள் விரைவில் அழுகத் தொடங்கியிருக்க வேண்டும். வழக்கமாகக் கவசம் விலையுயர்ந்த பொருள், வென்றவர்கள் உரித்துக்கொள்வார்கள். இங்கே பலருடையவற்றை உரிக்கவும் இல்லை. பெருங்குழிகளில் கவசத்தோடு தள்ளி மூடினார்கள். 1905இல் தொடங்கி அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இடைவெளிவிட்டு நடந்த அகழாய்வுகளில் ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டன. துருப்பிடித்த வளையப் பின்னல் மண்டையோட்டோடு ஒட்டிக் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே, கேடயம் மறைக்காத இடத்தில், வெட்டுக்காயங்கள் மிகுந்திருந்தன. ஒருவருடைய இரு கால்களும் ஒரே வீச்சில் துண்டிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எலும்புகளை ஆராய்ந்தபோது சிறுவர்களும் முதியவர்களும் உடற்குறை உடையவர்களும் அவற்றிடையே இருந்தது தெரிந்தது.

தோல் மக்கிவிட்டது. தகடுகளும் ரிவிட்களும் மட்டும் விலா எலும்புகளின்மேல் இருந்தபடியே இருந்தன. பெங்ட் தோர்டேமான் என்ற ஸ்வீடிய அறிஞர் ஒவ்வொரு தகடும் கிடந்த இடத்தைக் குறித்து, சுமார் இருபத்தைந்து கவசங்களை வகைபிரித்து, 1939–40இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அந்த நூலின் வரைபடங்களைப் பார்த்தே இன்று உலகெங்கும் தகடு வெட்டுகிறார்கள்.

என் மாணவரும் அப்படித்தான் வெட்டினார். முதல் ஆண்டு விழாவில் மகிழ்ச்சியாகத் திரிந்தார். இரண்டாம் ஆண்டு, மதிலுக்கு வெளியே நிற்கும் கற்சிலுவையைப் பார்க்கச் சென்றார். இங்கே டேனியர் கையால் வீழ்ந்தவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்களுக்காக மன்றாடுங்கள் என்ற பொருளில் அதில் இலத்தீன் எழுத்து இருக்கிறது. "ஐயா, நான் அணிந்திருந்தது தோற்றுப்போன கவசம் என்று அன்றுதான் உறைத்தது" என்று எழுதினார். "இங்கே எல்லோருக்கும் நைட் ஆக ஆசை. எங்கள் கைக்கு மிக நன்றாகத் தெரிந்த கவசமோ, கதவு திறக்கப்படாமல் செத்த உழவனுடையது. அவன் காலில் கவசமே இல்லை. நான் கால்கவசத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வாங்கவில்லை."

*

துல்லியம் துல்லியம் என்று பேசும் இந்தப் பொழுதுபோக்கால் எட்ட முடியாதது ஒன்று உண்டு. அது அச்சம். மாலையில் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம் என்று அறிந்தவனுடைய உடல், 1361இல் நின்றவனுடைய உடல் ஆகாது. ஆனாலும் மூச்சு எப்போது முட்டும், கண்துளை வழியே உலகம் எவ்வளவு குறுகும், முதுகின் எந்தக் கொக்கியைத் தானே எட்டிப் பூட்ட முடியாது, பூட்ட இன்னொரு மனிதன் வேண்டும் என்பவற்றை நூலகத்தில் அமர்ந்து அறிய முடிவதில்லை. சொல்லாராய்ச்சியே வாழ்க்கையாகக் கொண்ட எனக்கு இதை ஏற்பது எளிதாக இல்லை.

சென்ற ஆண்டு ஊருக்கு வந்தபோது மாணவர் எனக்கு ஒரு பொருள் கொடுத்தார். உள்ளங்கை அகலத்தில் ரிவிட் அடித்த வளையப் பின்னல். விஸ்பி விழாக் கடையில் வாங்கியது. உறையைத் திருப்பிப் பார்த்தேன்: 'மேட் இன் இந்தியா'. மேலைநாட்டார் அணியும் வளையக் கவசங்களில் கணிசமானவை நம் நாட்டின் வடமாநிலப் பட்டறைகளிலிருந்தே செல்கின்றன என்று அவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு வளையத்தையும் இங்கே யாரோ ஒருவர் கோத்து, துளை பார்த்து, ரிவிட் அடித்து மூடியிருக்கிறார். இடைக்காலக் கவசங்களில் மிலான், ஆக்ஸ்பர்க் போன்ற ஊர்களின் பெரும் பட்டறைத் தலைவர்கள் முத்திரை பதித்தார்கள். வளையம் கோத்த கைகளுக்கு அன்றும் முத்திரை இல்லை, இன்றும் இல்லை.

இந்தப் பருவத்தில் மீண்டும் பதிற்றுப்பத்து நடத்த வேண்டி வந்தது. கப்பிக் கதையைச் சொல்லவில்லை. அதை ஏன் சொல்லக் கூடாது என்பதைச் சொன்னேன். பிறகு அந்தப் பின்னலை வகுப்பில் சுற்றிவிட்டேன். பின்வரிசை மாணவி ஒருத்தி நெடுநேரம் அதைத் தராமல் வைத்திருந்தாள். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதோ கணக்கு. என்னவென்று கேட்டேன். "ஐயா, ஒரு வளையத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், இருபத்தையாயிரம் வளையத்துக்கு நானூறு மணிநேரத்துக்குமேல் ஆகிறது. நாளுக்கு எட்டு மணிநேரம் உட்கார்ந்தால் ஐம்பத்திரண்டு நாள். கண் என்ன ஆகும் ஐயா?" என்றாள்.

அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். அவள் எழுதி முடித்து அமர்ந்தபின், 'மெய்ம்மறை' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லத் தொடங்கினேன்.